பழைய கணினிக்கு எது சரி: விண்டோஸ் 11ஆ, லினக்ஸா, இருப்பதே போதுமா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7இன் கதை 2020 ஜனவரியிலேயே முடிந்தது. ஆனாலும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நான் பார்க்கும் வீடுகளிலும் கொமினிகேஷன் கடைகளிலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளும் லெப்டொப்களும் செகண்ட் ஹேண்டாக மலை ஏறி வருகின்றன. பத்து வயதானாலும் உடம்பு கெட்டி. பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் தாராளம். "அண்ணே, இத பதினொன்னுக்கு ஏத்திரலாமா, இல்ல இப்பிடியே விட்ரலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம்.

மெஷினைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மெஷினை மட்டும் பார்த்தாலும் போதாது. யார் கையில் இருக்கிறது, என்ன பிரிண்டர் மாட்டியிருக்கிறது, தமிழ் எப்படி டைப் பண்ணுகிறார்கள், கெட்டுப்போனால் பக்கத்தில் பார்க்க ஆள் உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. நான் எந்த வழியையும் முதலில் ஒரு கேள்வியால் அளந்து பார்ப்பேன்: பாதியில் பிசகினால் நேற்றிருந்த நிலைக்குத் திரும்ப முடியுமா? டயகமவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது புரொசெசரின் தலைமுறை. அதைத் தெரிந்துகொள்வது சுலபம். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் புரொசெசர் பெயர் வரும். ஐ5-3470 என்றிருந்தால் கோட்டுக்கு அடுத்த 3தான் தலைமுறை; ஐ5-8250யூ என்றால் 8. பத்தாம் தலைமுறை முதல் இரண்டு இலக்கமாக வரும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் கேட்பது பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு மேல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசைக்கு மேல். கூடவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்கியூர் பூட் வசதி.

அப்படியே விட்டுவிட்டால்

ஒன்றும் ஆகாது என்பவர்கள் உண்டு. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை வைரஸை நினைத்துப் பார்க்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள், அதில் பெரும்பகுதி விண்டோஸ் 7. ஆதரவு முடிந்த மெஷினுக்கு அப்படியொரு மருந்து வரும் என்று நம்பியிருக்க முடியாது.

இருந்தாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 7 இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். விண்டோஸ் 10இல் எட்ஜ் பிரவுசருக்கும் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிபெண்டருக்கான வைரஸ் அடையாளங்களுக்கும் 2028 ஒக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. அதனால் சிஸ்டத்தின் ஓட்டைகள் அடைபடாது என்றாலும் யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கிறது. விண்டோஸ் 7இல் அந்த அவகாசமும் இல்லை. குரோம் அதில் 109ஆம் பதிப்போடு 2023இல் நின்றுவிட்டது. அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

'இன்டர்நெட் வயரைப் பிடுங்கிட்டா சரிதானே' என்பது அடுத்த வாதம். வீட்டில் கணக்கு எழுத மட்டும் வைத்திருக்கும் கணினிக்கு அது சரிதான், நானும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். கொமினிகேஷனில் அது நடக்காது. காலையிலிருந்து இரவு வரை யார் யாருடைய பென் டிரைவோ உள்ளே போய் வருகிறது. ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும் வைரஸ் எந்த வயர் வழியாகவும் வருவதில்லை. விண்ணப்பம் பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளையின் பென் டிரைவில்தான் வருகிறது, அங்கிருந்து அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகிறது.

ஒரு வருடத் தவணை

விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது. சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், புதிய வசதி எதுவும் வராது. மைக்ரோசொப்ட் கணக்கில் உள்ளே போய், செட்டிங்ஸை விண்டோஸ் பெக்கப் மூலம் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். அல்லது அவர்களுடைய ரிவோர்ட்ஸ் புள்ளி 1,000 கொடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 டொலர். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கும்போது அது 9,000 ரூபாய், தோட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம். இலவச வழி இருக்கும்போது அதைக் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருந்தால்தான் சேர முடியும். இரண்டு மூன்று வருடமாக அப்டேட்டை நிறுத்திவைத்த மெஷின்கள் பலவும் 21எச்2, அதற்கும் முந்தியது என்று நிற்கின்றன. முதலில் அதை 22எச்2க்குக் கொண்டுவர வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் பதிப்பைப் பார்க்கலாம். சேர்வதற்கான பொத்தான் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வரும்.

திரும்பி வரும் வழி என்று பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை. எதுவும் மாறுவதில்லையே! பிரிண்டர் அதே பிரிண்டர், எழுத்துரு அதே எழுத்துரு. திருமண அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் என்று பேஜ்மேக்கரிலும் போட்டோஷொப்பிலும் பிழைப்பு நடத்தும் கடைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தவணை முடிவதற்குள் வேறு மெஷினுக்குப் பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

பாடசாலைகளுக்குத் தனி விலை உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருடம் 1 டொலர், பிறகு 2, பிறகு 4 என்று மூன்று வருடம். ஆனால் அது மொத்த உரிமம் வழியாக வாங்குவது. தோட்டப் பாடசாலை அதிபர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கார்டு போட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

விண்டோஸ் 11: நேர்வழியும் குறுக்குவழியும்

8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட மெஷின் என்றால் நேரே 11க்குப் போங்கள், இலவசம். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி கண்ணில் படுகிறது. மெஷினுக்குத் தகுதி இருக்கும், ஆனால் பரிசோதிக்கும் 'பிசி ஹெல்த் செக்' இல்லை என்று சொல்லிவிடும். பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, பயோஸில், அதாவது மெஷின் எழும்போது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பில், டிபிஎம் அணைந்திருக்கும். இன்டெல் போர்டில் அது 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'. அதைப் போட்டுவிட்டால் சரி. இரண்டாவது, விண்டோஸ் போட்டவர் பழைய பயோஸ் முறையிலேயே போட்டிருப்பார், டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸ் 10இலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. ஃபைல் அழியாமல் மாற்றும் என்றாலும் பெக்கப் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். நேர்வழியில் ஏற்றினால், பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே 10க்குத் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரோ 'டிவைஸ் என்கிரிப்ஷனோ' போட்டிருந்தால், பயோஸில் மாற்றம் செய்த பிறகு மெஷின் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் உள்ளே இருக்கும் படங்கள் எல்லாம் போனதுதான். முதலில் சாவியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழி 4 முதல் 7ஆம் தலைமுறை வரை உள்ளவர்களுக்கானது. ரூபஸ் என்ற இலவசக் கருவியால் டிபிஎம் பரிசோதனையைத் தாண்டிப் போகும் யூஎஸ்பி தயாரிக்கலாம். 8 ஜிபி ரேமும், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டியும் இருந்தால் உண்மையிலேயே நன்றாக ஓடும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தர வேண்டிய கடமை தனக்கு இல்லை என்று மைக்ரோசொப்ட் எழுத்தில் சொல்லிவிட்டது. மாதாந்த அப்டேட் வரும், வருடாந்தப் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். கணினி பாடம் படிக்கும் தம்பி வீட்டிலேயே இருந்தால் செய்யலாம். சப்ரகமுவவில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வரும்போது மட்டும் தொடுகிற மெஷினுக்கு வேண்டாம். கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் முயலவே வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து அந்தப் புரொசெசரில் இல்லாத கட்டளைகளை விண்டோஸ் 11 கேட்கிறது, பூட் ஆகாது.

கடையில் 'லைட்' என்ற பெயரில் போட்டுக்கொடுக்கும் விண்டோஸ் 11 யாரோ வெட்டித் தைத்தது. அப்டேட்டையும் டிபெண்டரையும் பிடுங்கிவிட்டுத்தான் அதை லேசாக்குகிறார்கள். பாதுகாப்புக்காக மாறப் போய் இதை வாங்கி வருவதைவிடப் பழையதே மேல். 'எல்டிஎஸ்சி போட்டுத் தாரேன், 2032 வரைக்கும் அப்டேட் வரும்' என்ற பேச்சும் இருக்கிறது. விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருப்பது நிஜம். ஆனால் அது தொழிற்சாலை, மருத்துவக் கருவி போன்றவற்றுக்கான உரிமம், வீட்டுக்கு விற்பதில்லை. கடையில் போடுவது கிராக், அந்த அக்டிவேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது.

எஸ்எஸ்டியும் லினக்ஸ் மின்ட்டும்

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு 3ஆம், 4ஆம் தலைமுறை லெப்டொப் இருந்தால் என் முதல் தெரிவு இதுதான்: புதிய எஸ்எஸ்டியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் சிஸ்டமான மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 இருந்தால் வசதி. மெதுவான மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பை எடுங்கள். பைதன் அதிலேயே இருக்கிறது. ஸூம் லினக்ஸுக்கும் வருகிறது. ஈ-தக்சலாவ, பரீட்சைத் திணைக்கள இணையத்தளம், வட்ஸ்அப் வெப் எல்லாம் பிரவுசரில் ஓடுபவை. ஷோர்ட்கட் வைரஸ் இங்கே பல்லில்லாத பாம்பு. அது மறைத்துவைத்த ஃபோல்டர்கள்கூட மின்ட்டில் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கோடு இதைச் செய்தால் பாதிப் பலன்தான். பழைய மெஷின் மெதுவாக இருப்பதற்குப் பெரிய காரணம் சுழலும் அந்த டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய லெப்டொப்பிலும் அதே இடத்தில் பொருந்தும், ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். பாதுகாப்பும் இங்கேதான் இருக்கிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேலே மார்க்கரால் 'அம்மாவின் படங்கள், பழைய விண்டோஸ்' என்று எழுதி அலுமாரியில் வையுங்கள். புதிய சிஸ்டத்தைப் புதிய எஸ்எஸ்டியில் போடுங்கள். பிசகினால் பழையதை மாட்டினால் போதும், நேற்றிருந்த மெஷின் அப்படியே எழுந்து நிற்கும். நான் பார்த்த பெக்கப் முறைகளில் இவ்வளவு நிம்மதி தருவது வேறில்லை. யூஎஸ்பியில் மாட்டும் டிஸ்க் உறைக்குள் போட்டால் அந்த டிஸ்க்கிலிருந்து ஃபைல்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

போடுவதற்கு முன்னால் யூஎஸ்பியிலிருந்து மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதாமலே முழு சிஸ்டமும் வரும். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்காவிட்டால் போனை வயரில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும், பிறகு டிரைவரை இறக்கலாம்.

பிரிண்டர்தான் பலரைத் திருப்பி அனுப்பும். எச்பி லேசர்ஜெட் பி1102 போன்றவை எச்பியின் லினக்ஸ் தொகுப்போடு வேலை செய்கின்றன. எப்சன் டேங்க் பிரிண்டர்களுக்கும் டிரைவர் கிடைக்கிறது. கெனன் எல்பிபி 2900 மட்டும் வேறு ரகம். இலேசில் பிடிபடாது, பழைய டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். கொட்டகலைப் பக்கம் ஒரு கொமினிகேஷனில் யூஎஸ்பியில் மின்ட்டை ஓட்டிக் காட்டியபோது கடைக்காரர் எல்லாவற்றையும் ரசித்தார். கடைசியில் பிரிண்டரைப் பார்த்தார், அதே 2900. "தம்பி, எனக்கு சோறு போடுறது அதுதான். அது பேசாட்டி இது எனக்கு வேணாம்" என்றார். நியாயம்தானே. அந்தக் கடையில் முன்மேசை மெஷின் விண்டோஸ் 10லேயே நீட்டிப்புத் தவணையில் ஓடுகிறது. மூலையில் கிடந்த பழைய பெட்டியில் மின்ட் போட்டாயிற்று. வாடிக்கையாளர் பென் டிரைவ் முதலில் அதில்தான் நுழையும், வேண்டிய ஃபைல் மட்டும் இந்தப் பக்கம் வரும்.

அடுத்தது தமிழ். நம் பக்கம் பதினைந்து இருபது வருடக் கடிதங்கள், சங்கத் தீர்மானங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. பாமினி, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் 'மக்கள்' வரவேண்டிய இடத்தில் புரியாத ஆங்கிலக் கூட்டெழுத்து நிற்கும். டீச்சர் ஒருவர் அதைப் பார்த்து ஃபைல் அழிந்துவிட்டது என்று கண் கலங்கியதும் உண்டு. எதுவும் அழியவில்லை. பழைய விண்டோஸில் ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய், பாமினியையும் சிங்களத்துக்கு வைத்திருக்கும் எஃப்எம் அபயாவையும் பென் டிரைவில் எடுத்துவந்து மின்ட்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால், வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஒபிஸில் அப்படியே திறக்கும். பாமினியில் டைப் பண்ணவும் முடியும், கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்தாலே போதும். வரி உடைவதும் அட்டவணை நகர்வதும் இருக்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

யூனிகோடில் அடிப்பவர்களுக்கு ஐபஸ் என்ற கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ரெங்கநாதன் என்ற கீபோர்டு முறைகள் இரண்டும் கிடைக்கும். பாமினி பழகிய விரலுக்கு ரெங்கநாதன் அந்நியமாக இருக்காது.

பழைய கணினிக்குக் கூகுள் தரும் சிஸ்டமான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 4 ஜிபி ரேம் போதும், அப்டேட்டும் தானாக வரும், இலவசம். ஆனால் நெட் இல்லாவிட்டால் பாதி மெஷின்தான், ஆண்ட்ரொயிட் அப் எதுவும் ஓடாது. மழை பெய்தால் சிக்னல் போகிற மேல்பிரிவுத் தோட்டங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். டவுனில் பைபர் இணைப்போடு பேஸ்புக்கும் யூடியூபும் பார்க்கும் வயதானவருக்கு நல்லது.

எதைத் தெரிவு செய்தாலும் வேலையைக் காலையில் ஆரம்பியுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பிற்பகல் என்றாலே இடிமின்னல். மே மாதத்திற்குப் பிறகு ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் காற்றுக்கு மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பப் பார்க்கும், எப்போதும் முடிவதில்லை. பயோஸ் அப்டேட் நடுவில் போனால் போர்டே செத்துவிடலாம், அதை யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

டவுன்லோடை முதல்நாள் இரவே, இரவு நேர டேட்டாவில் முடித்துவிடுங்கள். மின்ட் 3 ஜிபிக்குக் கிட்ட, விண்டோஸ் 11 5 ஜிபிக்கு மேல். இரண்டையும் அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதியில் அறுந்த ஃபைலோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம். பெக்கப்பில் எல்லோரும் மறப்பது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, டெஸ்க்டொப்பில் சும்மா போட்டுவைத்த ஃபைல்கள், எழுத்துருக்கள், கணக்கு சொப்ட்வெயாரின் டேட்டா ஃபோல்டர். கூகுளின் 15 ஜிபியில் முக்கியமானதை வைத்து, மற்றதை வெளி டிஸ்க்கில் போடலாம்.

2 ஜிபி ரேம், 32 பிட் மட்டும் என்ற மெஷினில் பணம் போடாதீர்கள். அந்த எஸ்எஸ்டிக் காசை வேறொரு செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு முன்பணமாக்குங்கள். வாங்கும்போது கடையிலேயே சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறக்கச் சொல்லிப் புரொசெசர் எண்ணைப் பாருங்கள். வெளியே 'ஐ7' என்ற ஸ்டிக்கர் மின்னும், உள்ளே 2ஆம் தலைமுறை இருக்கும். 8ஆம் தலைமுறை ஐ3 அதைவிட உங்களுக்குப் பிரயோசனம். பயோஸ் பாஸ்வேர்டு போட்ட கம்பெனி லெப்டொப்பை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், பாஸ்வேர்டை எடுத்துத் தரும்வரை வாங்காதீர்கள். டிபிஎம்மையும் பூட் வரிசையையும் மாற்ற முடியாத மெஷினில் மேலே சொன்ன வேலைகளில் பாதிக்கு மேல் நடக்காது.